மார்ஃபின்: இருநூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நடந்த ஒரே தவறு

குருமாவுக்கு அரைக்கும் கசகசா எல்லோருக்கும் தெரியும். அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்து பழுப்பு நிறப் பிசினாக ஆவதுதான் அபின். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் வலிக்கு நம்பியிருந்த மருந்து இது. ஆனால் ஒரு வயலின் அபினைப் போல இன்னொரு வயலின் அபின் இருக்காது. எவ்வளவு கொடுத்தால் வலி போகும், எவ்வளவு கொடுத்தால் உயிர் போகும் என்பது வைத்தியருக்கே தெரியாது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஜெர்மனியின் படர்போர்ன் நகரில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த ஃபிரெட்ரிக் செர்ட்யூர்னர். 1804-05 வாக்கில் அபினிலிருந்து அதன் வீரியப் பொருளை மட்டும் தனியே பிரித்தெடுத்தார். பிறகு தானும் மூன்று இளைஞர்களும் அதைச் சாப்பிட்டுப் பரிசோதித்தார்! நால்வரும் கிட்டத்தட்டச் சாவைத் தொட்டுவிட்டு மீண்டனர். கிரேக்கக் கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரால் உருவானதே மார்ஃபின் என்ற பெயர். 1827இல் மெர்க் நிறுவனம் இதை விற்பனைக்குத் தயாரிக்கத் தொடங்கியது.

1850களில் ஊசி வந்தது. மார்ஃபினை விழுங்கினால்தான் பழக்கமாகும், ஊசியில் போட்டால் ஆகாது என்று அக்கால டாக்டர்கள் பலர் நம்பினர். நடந்தது நேர்மாறு. அடுத்து 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம், மார்ஃபினிலிருந்து செய்த ஒரு பொருளை இருமல் மருந்தாக விற்றது. இதுவும் அடிமையாக்காது என்றே சொல்லப்பட்டது. அதன் பெயர் ஹெராயின்!

சுட்ட பிறகு புத்தி வந்தது. 1914இல் அமெரிக்கா ஹாரிசன் சட்டத்தைக் கொண்டுவந்து இம்மருந்துகளைக் கட்டுப்படுத்தியது. பல பத்தாண்டுகள் டாக்டர்கள் இவற்றை எழுதவே பயந்தனர்.

அந்தப் பயத்தைப் போக்க உதவியது ஒரு சின்னக் கடிதம். 1980இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த அக்கடிதம், ஆஸ்பத்திரியில் இம்மருந்து பெற்ற 11,882 பேரில் 4 பேர் மட்டுமே அடிமையானதாகக் கூறியது. அவர்கள் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனாலும் அதுவே ஆதாரமாகத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது.

1996இல் பர்டியூ ஃபார்மா நிறுவனம் ஆக்ஸிகான்டின் மாத்திரையை இறக்கியது. 12 மணி நேரத்தில் மெல்ல மெல்லக் கரைவதால் போதைக்குப் பயன்படும் வாய்ப்பு குறைவு என்று விளம்பரம். ஆனால் மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடலில் ஏறியது. ஆபத்தைக் குறைத்துச் சொன்ன குற்றத்தை 2007இல் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊர் ஊராகப் பழக்கம் பரவிவிட்டது. மாத்திரை கிடைக்காதவர்கள் ஹெராயினுக்கும், பின்னர் கள்ள ஃபென்டனிலுக்கும் போனார்கள். 2021இல் மட்டும் இவ்வகைப் பொருட்களால் அமெரிக்காவில் சுமார் 80,000 பேர் இறந்தனர்.

அப்படியானால் தடை செய்துவிட்டால் என்ன? அதற்கு விடை இந்தியாவில் இருக்கிறது. சட்டப்படி அபின் விளைவிக்கும் நாடு இது. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம் ஆஸ்பத்திரிகளையும் பல லைசென்ஸ்களுக்கு அலையவிட்டது. புற்றுநோயாளிகள் மார்ஃபின் இல்லாமல் துடித்தனர். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, முறையாகக் கொடுத்தால் மார்ஃபின் வரமே என்று காட்டியது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது.

இந்த வரலாறு கற்றுத்தரும் பாடங்கள்:

1. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாட்கள் மட்டுமே.
2. மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேரக்கூடாது, மூச்சு நின்றுபோகும்.
3. மெல்லக் கரையும் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.
4. பல நாள் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தக்கூடாது. டாக்டர் மூலம் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.
5. ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் தொடக்கூடாது. மீதியைப் பூட்டி வைக்க வேண்டும்.

அளவு மீறியவர் மூச்சுத் திணறினால் நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து காப்பாற்றும். ஆனால் அது நேரத்தில் கிடைக்க வேண்டும்.

இருநூறு ஆண்டுகளில் மருந்தின் குணம் மாறவில்லை. "இது மட்டும் அடிமையாக்காது" என்று ஒவ்வொரு முறையும் சொன்னது மனிதன்தான். வலியில் துடிப்பவருக்கு மருந்தை மறுப்பதும், மருந்தின் ஆபத்தை மறைப்பதும் ஒரே அளவு கொடுமைதான்.