வேலை தேடியதை மெய்ப்பிக்கும் சுமை: பிரித்தானிய உதவித்தொகை விதிகளை முன்வைத்து

வேலையற்றோர் உதவித்தொகை பெறுபவர், உடல்நலமும் சூழலும் இடங்கொடுக்குமாயின், வேலை தேட வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் ஏற்பர். அவர் தேடினாரா என்பதை யார் மெய்ப்பிப்பது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. அச்சுமையை விண்ணப்பதாரர்மீதே ஏற்றும் விதி, வேலையை நாடும் முயற்சியை வளர்ப்பதைவிட உரியவர்களை உதவியிலிருந்து விலக்குவதையே மிகுதியாகச் செய்கிறது என்பதற்குப் பிரித்தானிய வரலாறு இருமுறை சான்று தருகிறது.

முதல் உலகப் போருக்குப் பின் வேலையின்மை பெருகிய 1921இல், விண்ணப்பதாரர் ‘உண்மையாகவே வேலை தேடுகிறார்’ என்று நிறுவ வேண்டும் என்னும் விதி புகுத்தப்பட்டது. தொடக்கத்தில் காப்பீட்டுத் தவணைகளால் ஈட்டிய உரிமைக்கு மேற்பட்ட நீட்டிப்புத் தொகைக்கு மட்டும் பொருந்திய இவ்விதி, 1924இல் தொழிற்கட்சி ஆட்சியிலேயே அனைவருக்கும் விரிக்கப்பட்டது என்பது வருந்தத்தக்கது. அரசின் வேலைவாய்ப்பகத்தில் பதிவு செய்திருப்பது போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. சுரங்கங்கள் மூடிக்கிடந்த வட்டாரங்களிலும், ஆள் எடுக்கப்படவில்லை என்று அறிந்தே ஆலை வாயில்தோறும் நடந்து, எங்கெங்கு கேட்டேன் என்று கோரிக்கையை விசாரிக்கும் குழுவின்முன் ஒப்பிக்க வேண்டியிருந்தது. கோரிக்கையின் தகுதி, வேலைச் சந்தையின் நிலையை விட்டு, விண்ணப்பதாரரின் மனநிலையைப் பற்றிய ஊகத்தைச் சார்ந்ததாயிற்று. அந்த ஊகத்தின் கடுமை மணமான பெண்கள்மீது கூடுதலாக விழுந்தது. 1930 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 30 லட்சம் கோரிக்கைகள் இவ்விதியின்கீழ் மறுக்கப்பட்டதாக வரலாற்றாய்வாளர் ஆலன் டீக்கன் காட்டுகிறார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையின்றி இருந்த காலத்தில், தேடலின் தீவிரத்தைச் சோதிப்பதால் ஒரு வேலையிடமும் புதிதாகத் தோன்றிவிடாது.

1930ஆம் ஆண்டுச் சட்டம் இச்சுமையை இடம் மாற்றியது. தகுந்த வேலை ஒன்று சுட்டப்பட்டும் விண்ணப்பதாரர் அதை மறுத்தார் என்பது நிறுவப்பட்டாலன்றி உதவியை நிறுத்தலாகாது என்றாயிற்று. அந்த நூற்றாண்டில் இத்துறையில் எடுக்கப்பட்ட தெளிவான முடிவு இதுவே.

ஆயினும் 1989இல் ‘முனைப்பாக வேலை தேடுதல்’ என்ற பெயரில் பழைய நிபந்தனை மீண்டது. 1996இல் வேலை தேடுவோர் படி என்னும் திட்டம் அதை இறுக்கியது. அத்திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர் ஆலன் மானிங், உதவி பெறுவோர் பட்டியல் சுருங்கியதேயன்றி வேலை தேடும் முயற்சி கூடியதற்குச் சான்றில்லை என்று கண்டார். 2012ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்த யுனிவர்சல் கிரெடிட் என்னும் ஒருங்கிணைந்த உதவித்தொகையில், முழு நிபந்தனைக்கு உட்பட்டவர் பொதுவாக வாரத்துக்கு 35 மணி நேரம் தேடலில் செலவிட வேண்டும். தவறினால் தண்டக்குறைப்பு விதிக்கப்படும். மிகக் கடுமையான பிரிவில் இக்குறைப்பு மூன்றாண்டுவரை நீளலாம் என்றிருந்தது; 2019இல்தான் அந்த உச்சவரம்பு ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. செலவிட்ட மணிகளை எண்ணும் முறையில், பொருந்தாத இடங்களுக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்பிப் பதிவேட்டை நிரப்புபவர் தப்புகிறார். கணினியும் எழுத்தறிவும் வாய்க்காதவர், உண்மையாகத் தேடியிருந்தாலும், சிக்குகிறார்.

நிபந்தனையே கூடாது என்பது இவ்வாதத்தின் முடிவன்று. ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 5 நவம்பர் 2019 அன்று வழங்கிய தீர்ப்பு, ஒத்துழைக்கும் கடமையை ஏற்றுக்கொண்டே, அடிப்படை உதவித்தொகையை 60 விழுக்காடும் முழுமையாகவும் வெட்டுவது மனித மாண்புக்கு முரணானது என்றும், 30 விழுக்காட்டளவு குறைப்பையே வரம்புகளுடன் அனுமதிக்கலாம் என்றும் கூறியது. பிரித்தானியா இத்தகைய வாழ்வாதார வரம்பொன்றைச் சட்டத்தில் எழுதி, 1930இன் விதிக்குத் திரும்ப வேண்டும்: தகுந்த வேலையைக் காட்டும் பொறுப்பும், அது மறுக்கப்பட்டதை நிறுவும் பொறுப்பும் அரசு அலுவலகத்துக்கே உரியவை.