வெட்டிய பலகையும் ஒட்டிய தாளும்

கைவினைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் எஞ்சியிருக்கும் பொருள்களையும் ஏடுகளையுமே பெரிதும் துணைக்கொள்வர். மெல்லிய பலகையில் கொடியும் பூவும் வெட்டியெடுக்கும் பிறெற் வேலையைப் பொறுத்தவரை இந்நெறி நம்மை வழிதவறச் செய்யக்கூடும். அக்கலையின் மூல ஆவணமாகிய அச்சிட்ட மாதிரித்தாள் வேலை நடைபெறும்போதே அழிந்துபோவதே அதற்குக் காரணம்.

செய்முறையை நோக்கின் இது விளங்கும். தாளைப் பலகைமீது ஒட்டுவர். நீக்கவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் சிறுதுளையிட்டு, நூல்போன்ற வாளலகின் ஒரு முனையைக் கழற்றி அத்துளையூடாகக் கோத்து, மீண்டும் சட்டத்தில் இறுக்குவர். நூறு துளையாயின் நூறு முறை கழற்றிப் பூட்டவேண்டும். உட்பகுதிகளே முதலில் வெட்டப்படும். புறக்கோட்டை முதலில் வெட்டினால் பிடித்துக்கொள்ளப் பலகை இராது. ஈற்றில் எஞ்சிய தாளையும் தேய்த்து அகற்றிவிடுவர்.

இவ்வாளின் பெருமைமிக்க முன்வரலாறு பிரான்சியருக்குரியது. 1672இல் பதினான்காம் லூயி மன்னனின் ஆதரவு பெற்று லூவர் மாளிகையில் இடம்பெற்ற அந்திரே சார்ள் பூல், பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேலொன்றாக வைத்து ஒரே வெட்டில் அறுத்தான். ஒன்றின் பூ மற்றதன் குழியிற் பொருந்த, ஒரே உழைப்பில் இரு அலங்காரங்கள் கிடைத்தன. பூல் என்ற பெயர் நிலைத்தது. வாள் இழுத்த கைகளின் பெயர்களை எவரும் நினைப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. ஆலையில் செய்த மலிவான உருக்கலகும், தையல் இயந்திரம்போற் காலால் மிதித்து இயக்கும் வாளும், அச்சுத்தாளும் சேர்ந்து இவ்வேலையை அரசவைப் பட்டறையிலிருந்து சாதாரண வீட்டுக்குக் கொணர்ந்தன. அமெரிக்காவில் தச்சர் அதனை வீட்டின் முகப்பிலேயே ஏற்றினர். மாதாஸ் வின்யார்ட் தீவில், 1835இல் மெதடிஸ்தர் வழிபாட்டு முகாமாகத் தொடங்கிய இடத்தில், 1860களிலும் 1870களிலும் எழுந்த சித்திரவெட்டுக் குடில்களுள் ஏறத்தாழ 300 இன்றுமுள. இங்கிலாந்திலோ அது மாலைநேரப் பொழுதுபோக்காயிற்று. நோர்போக் மாவட்டத்து டெரம் நகரிலிருந்து 1895இல் வெளிவரத் தொடங்கிய 'ஹொபீஸ்' வார இதழ் மாதிரித்தாள்களை வாசகர் கைக்குச் சேர்த்தது; அதே நிறுவனம் வாளையும் பலகையையும் விற்றது. இலவசத் தாளுக்குள் வணிகம் இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

பிறர் வரைந்ததை வெறுமனே நிறைவேற்றும் தொழிலாளி தானும் ஒரு கருவியாகிறான் என்ற கருத்தை யோன் றஸ்கின் 1853இல் வலியுறுத்தினார். இவ்வளவுகோலால் அளப்போர் பிறெற் வேலையைக் கலையென ஒப்பார். ஆயின் றஸ்கின் கண்டித்தது கூலிக்காகச் செய்யும் உழைப்பை. பகல் முழுதும் பிறர் கணக்கை எழுதிவிட்டு, இரவில் தான் தெரிந்த தாளைத் தன் சுவர்க்கடிகாரப் பெட்டிக்காக அறுத்த எழுதுவினைஞனை அதே கூண்டில் நிறுத்துவது நியாயமாகத் தோன்றவில்லை. கோட்டைவிட்டு அரை நூலளவு விலகினாலும் இலைநுனி முறிந்துவிடும். அந்த நிதானத்தை எந்த அச்சுத்தாளும் அவனுக்குக் கொடுத்ததில்லை.

அவனைப்பற்றிய சான்று எங்கே? முழுமையாக இன்று கிடைக்கும் பழைய தாள்களுட் பல எவரும் வெட்டாது விட்டவை. மக்கள் விரும்பிச் செய்தவற்றை அவற்றிலிருந்து நேரே அறியமுடியாது. எனினும், தாளை வீணாக்க மனமின்றிக் கரித்தாள் வைத்துப் படியெடுத்தோரும் இருந்தனர். அத்தகைய தாளின் மறுபுறத்தைத் தடவினால் பென்சில் அழுத்திய கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும்.