உப்புக்காற்றில் தேயும் இரும்பு

கார் பிரேக் டிஸ்க் எவ்வளவு உழைக்கும் என்று சென்னையில் கேட்டால் பதில் கிலோமீட்டரில் வரும். நெரிசலில் ஓடும் வண்டிக்கு ஐம்பதாயிரம், நெடுஞ்சாலையில் பதமாக ஓட்டினால் ஒரு லட்சத்துக்கு மேல் என்பார்கள். 2024 வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தீவில் டிஸ்க்கை அரிப்பதில் வண்டி ஓடுவதைவிட நிற்பதற்குப் பங்கு அதிகம். வண்டி ஏன் அவ்வளவு நிற்கிறது என்பதற்கான விடை, அந்தமானுக்குச் சாலை வந்த கதையில் இருக்கிறது.

1858இல் ஆங்கிலேயர் கைதிக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிறகு தலைமையிடம் ராஸ் தீவு. போக்குவரத்து என்றால் படகுதான். நாடு விடுதலை பெற்றபின் கிழக்கு வங்க அகதிகளும் தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் வந்து குடியேறிய பிறகும் நெடுங்காலம் ஊருக்கு ஊர் போகப் படகையே நம்பியிருந்தார்கள்.

தெற்கு அந்தமானிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை ஏறத்தாழ 330 கிலோமீட்டர் நீளும் அந்தமான் டிரங்க் ரோடு, ஜாரவாப் பழங்குடி மக்களின் காட்டை ஊடுருவிப் போடப்பட்டது. 1970களில் வேலை நடந்தபோது ஜாரவாக்கள் அம்புகளால் எதிர்த்தார்கள், தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், வேலை நின்று நின்று நடந்தது. 1989வாக்கில் முழுச் சாலையும் திறந்துவிடப்பட்டது. காப்புக்காட்டு வழியே செல்லும் பகுதிகளை மூட உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. அதற்குப் பதிலாகக் கான்வாய் முறை தொடர்கிறது: ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் காத்திருந்து, குறித்த நேரத்தில், காவலர் துணையோடு, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், யாரையும் முந்தாமல், எங்கும் நிறுத்தாமல் காட்டைக் கடக்க வேண்டும். ஒரு பழங்குடியின் வாழிடத்தில் சாலை போட்டதே பெரிய தவறு என்ற வாதத்துக்கு இன்றும் வலு குறையவில்லை.

பிரேக்கின் கண்ணில் பார்த்தால் இது விசித்திரமான பயணம். டிஸ்க் பழுக்கக் காயும் அளவுக்கு வேகமே கிடையாது. ஆனால் மேடும் பள்ளமுமான பாதையில், முன்வண்டியின் பின்னாலேயே ஊர்ந்து, மிதிப்பதும் விடுவதுமாக ஓட்டம் போகும். பிறகு மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் மறுபடி வரிசை. அங்கிருந்து திறந்த தளமுள்ள வாகனப் படகில் கடல் கால்வாயைத் தாண்டி பாராடாங் தீவின் நிலம்பூர் துறைக்குப் போக வேண்டும். பாராடாங்கையும் மத்திய அந்தமானையும் இப்போது சுமார் 1.45 கிலோமீட்டர் நீளமுள்ள ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் சேது இணைக்கிறது. அதற்கு முன் அங்கும் படகுதான். நனைந்த டிஸ்க்கோடு உப்பு ஈரத்தில் நிற்கும் நேரம் இப்படித்தான் கூடுகிறது.

டிஸ்க் பிரேக்கின் பிறப்பே சாலையோடு போராடிய கதைதான். 1902இல் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்ற டிஸ்க் பிரேக், புழுதிச் சாலைகளில் அதன் செம்புப் பட்டைகள் சீக்கிரம் தேய்ந்ததாலும் கீச்சிட்டதாலும் எடுபடவில்லை. 1953இல் லெ மான்ஸ் பந்தயத்தை டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இந்தியாவிலோ அம்பாசிடர் பல பத்தாண்டுகள் நான்கு சக்கரத்திலும் டிரம்மோடுதான் ஓடியது. டிரம்மின் வேலை மூடிய கிண்ணத்துக்குள் நடக்கும். டிஸ்க் வெளியே தெரியும்படி நிற்கிறது. சூடு சீக்கிரம் ஆறுவதும் அதனால்தான், கடற்காற்று நேரே வந்து தொடுவதும் அதனால்தான்.

டிஸ்க் செய்யப்படுவது சாம்பல்நிற வார்ப்பிரும்பில். மழையில் நனைந்தால் ஒரே இரவில் ஆரஞ்சுத் துரு படரும். மறுநாள் சில முறை பிரேக் பிடித்ததும், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடு அதை வழித்துவிடும். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும், இரண்டு பருவமழையும் எட்டும் தீவில் வண்டி வாரக்கணக்கில் நின்றால்தான் ஆபத்து. உப்பு கலந்த துரு குழி பறிக்கும். பேடு அழுந்திய இடம் தனித் தழும்பாகும். அதன்பின் மிதிக்கும்போதெல்லாம் பெடல் அதிரும். பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் ஊசி (பின்) துருவேறி இறுகினால் உள்பேடு மட்டும் தேய்ந்து, டிஸ்க்கின் ஒரு பக்கத்தை மெலியவைக்கும்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதியில் வயல்களுக்குள் கடல் புகுந்தது. ஓதம் ஏறும்போது சாலையிலும் உப்புநீர் நின்றது. உப்புக்காற்று மெதுவாகச் செய்யும் அரிப்பை உப்புநீர் விரைவாகச் செய்யும். அப்படிப்பட்ட சாலையைக் கடந்த வண்டியின் சக்கரங்களை அன்றே நல்ல தண்ணீரில் அலசி, பிரேக்கை நாலைந்து முறை பிடித்து உலர்த்திவிட்டு நிறுத்துவதுதான் எளிய காப்பு.

மற்றவை எந்த ஊருக்கும் பொருந்துபவை, தீவில் கொஞ்சம் கூடுதல் கண்டிப்போடு. டிஸ்க்கின் விளிம்பிலோ மையப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். புதுசுக்கும் அந்த அளவுக்கும் இடைவெளி பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டர்தான். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து பார்க்க வேண்டும். மாற்று டிஸ்க் கப்பலில் வந்து சேர நாளாகும் என்பதால் லேத்தில் கொடுத்து இழைத்துச் சமாளிக்கத் தோன்றும். இழைத்த பிறகும் அந்த அளவுக்கு மேல் நின்றால்தான் அது செல்லும். இல்லாவிட்டால் காத்திருப்பதே மேல். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது, ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காலிப்பர் பின்களுக்கு அதற்கென்றே உள்ள கிரீஸ். ஒவ்வொரு பேடு மாற்றத்தின்போதும் இருபக்கப் பேடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. நீண்ட நாள் நிறுத்துவதானால் சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டுவைப்பது.

தீவுத் தலைநகரில் மின்பேருந்துகளும் வந்துவிட்டன. மின்கார்களில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே ஏற்றுக்கொண்டு மின்சாரத்தைத் திரும்பச் சேமிப்பதால், பேடு டிஸ்க்கைத் தொடுவதே அரிதாகிறது. துருவை வழித்தெடுக்க ஆளில்லை. ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 மின்கார்களின் பின்சக்கரங்களுக்கு மீண்டும் டிரம்மைப் பொருத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.