சுண்ணாம்பு தடவிய கலயமும் தடவாத கலயமும்

சென்ற பங்குனியில் நாங்கள் ஆறு பேர் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு பனையேறிக் குடும்பத்தோடு பத்து நாள் தங்கினோம். பதநீர் இறக்குவதையும் கருப்பட்டி காய்ச்சுவதையும் கற்றுக்கொள்ளப் போனோம். எங்களில் ஐந்து பேர் சேரியில் பிறந்தவர்கள். எங்களை வைத்துச் சோறு போட்டவர்கள் கிராமணி சமூகத்தவர்கள். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் பாதி வரலாறு விட்டுப்போகும்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறோம். பனையில் ஆண் மரத்திலும் பாளை சீவலாம், பெண் மரத்திலும் சீவலாம். இடுக்கியால் பாளையை நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை அரிவாளால் மெல்லிசாகச் சீவி, கலயத்தைக் கட்ட வேண்டும். ஒருநாள் சீவாமல் விட்டாலும் பாளையின் வாய் அடைத்துக்கொள்ளும். அதனால் காலையும் மாலையும் ஏற வேண்டும். அண்ணன் இருபது மரம் ஏறுகிறார். ஒரு நாளைக்கு நாற்பது ஏற்றம், நாற்பது இறக்கம். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி. அவ்வளவுதான் பாதுகாப்பு. எங்களில் ஒருவர்கூட ஆளுயரத்தைத் தாண்டி ஏறவில்லை.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் கள். இரண்டும் ஒரே மரத்தின் ஒரே சாறுதான். காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் சாற்றின் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகின்றன. சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு அளவில்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் வைத்தால் புளித்துக் காடியாகிவிடும். இதையெல்லாம் அண்ணன் வாயால் சொன்னார், செய்து காட்டவில்லை. தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். அங்கிருந்து பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் புதுச்சேரி எல்லை. அங்கே உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு.

அக்காவின் வேலை தரையில். பதநீரைத் தெளியவைத்து வடிகட்டி, பனை மட்டையையே எரித்துக் கொப்பரையில் காய்ச்சுவார். பொங்கி வந்தால் ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார். பாகு பதம் வந்ததும் கொட்டாங்கச்சியில் ஊற்றி ஆறவைப்பார். எட்டுப் பத்து லிட்டர் பதநீர் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டி. மூன்று மணி நேரம் புகையில் நின்று அவர் கண் சிவந்திருந்தது. கருப்பட்டிக் காப்பியைப் பற்றி நகரத்தில் பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்தக் கண்ணைப் பார்க்க வேண்டும்.

இனி வரலாறு. புறநானூற்றில் அதியமான் இறந்தபோது ஒளவையார் பாடிய பாட்டு, அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதை நினைத்து அழுகிறது. அரசனும் பாடினியும் சேர்ந்து குடித்ததில் அன்று இழிவு இல்லை. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. கள்ளைப் பற்றிய வாதம் நம் மொழியில் பழையது. ஆனால், கள்ளைக் குடித்தவனை விட்டுவிட்டு, கள் இறக்கியவனை மட்டும் தீட்டாக்கிய வேலையைச் செய்தது சாதி.

அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட தென்மாவட்டப் பனையேறிகளின் கதை நமக்குத் தெரிந்ததுதான். திருவிதாங்கூரில் அவர்கள் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859இல்தான் அரசு இறங்கிவந்து அறிவிப்பு வெளியிட்டது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. வணிகத்துக்கும் கல்விக்கும் நகர்ந்தவர்கள் மேலே வந்தார்கள். மரத்திலேயே இருந்தவர்கள் மரத்திலேயே இருந்தார்கள்.

அரசு கள்ளை வருமானமாகப் பார்த்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டத்தின் கீழ் கள் இறக்க உரிமம், மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். ஏறியவருக்குக் கூலி, ஏலம் எடுத்தவருக்கு லாபம், அரசுக்கு வரி. பிறகு தேசிய இயக்கம் கள்ளுக்கடை மறியலைக் கையில் எடுத்தது. 1921இல் ஈரோட்டு மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்நின்றார்கள். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் கடைகள் திறந்தன. 1973, 74இல் மூடின. 1981இல் மீண்டும் திறந்தன. 1987இல் கள்ளுக்கு விழுந்த பூட்டு இன்றுவரை திறக்கவில்லை. இடையில் 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003இல் சில்லறைக் கடைகளும் அரசின் கைக்கு வந்தன.

கணக்கைக் கவனியுங்கள். கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடிக்கப்பட்டு, கள்ளைப்போலப் பல மடங்கு காரமாக இருப்பதை அரசே விற்கிறது. மரத்தடியில் இறக்கியதை வைத்திருப்பவர்மீது வழக்கு. பனை நம் மாநில மரம். அதில் ஏறுகிறவர் சந்தேகத்துக்குரியவர். பதநீர்க் கலயத்தையே கள் என்று சொல்லி உடைத்த காவலர்களைப் பற்றி அண்ணன் சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை. பழகிப்போயிருந்தது.

இதைக் கேட்டதும் எங்களில் இளையவர் ஒருவர், "அப்போ கள்ளுக்கு அனுமதி கேட்டு நாமளும் போராடலாமே தோழர்" என்றார். அவ்வளவு எளிதாக எங்களால் தலையாட்ட முடியவில்லை. குடியால் அழிந்த வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. எங்கள் அம்மாக்கள் கடை முன்னால் துடைப்பத்தோடு நின்றவர்கள். அயோத்திதாசப் பண்டிதர் பஞ்சசீலத்தை நம் மக்களிடம் எடுத்துச் சொன்னபோது அதில் மது விலக்கும் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் மிகப் பலர் நம் மக்கள், கூலி வேலை செய்தவர்கள். கள் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஏழை எதைக் குடிக்கிறான் என்பதை அவனுடைய விருப்பத்தைவிட விலையும் சட்டமும் முடிவுசெய்கின்றன என்பதை மட்டும் சொல்வோம்.

எங்களை அதிகம் யோசிக்கவைத்தது ஒரு பனையோலைப் பட்டை. முதல் நாள் காலை அக்கா ஓலையை மடித்து ஆளுக்கொரு பட்டை செய்து பதநீர் ஊற்றினார். நாங்கள் குடித்தோம். பட்டையைத் தூக்கிப் போட்டோம். எங்களில் ஒருவருடைய பாட்டி சொல்வாராம்: டீக்கடையில் நமக்குத் தனிக் குவளை, பனையடியில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பட்டை என்று. அது சமத்துவமா, அல்லது எறிந்துவிடும் பாத்திரம் என்பதால் தீட்டுக்கு வேலையில்லாமல் போனதா? இரவு முழுக்க எங்களுக்குள் வாதம். கடைசியில் அக்காவிடமே கேட்டோம். கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எங்க மாமியார் காலத்துல உங்க ஆளுங்க வேலிக்கு அந்தாண்ட நின்னு குடிச்சாங்கப்பா. பட்டை ஒண்ணுதான். நின்ன இடம் வேற."

மழுப்பாமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொன்னோம். அன்றிரவு அவர் வீட்டுத் தட்டிலேயே, அவர் வீட்டு நடையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று எழுத நாங்கள் சிறுபிள்ளைகள் அல்ல. ஊர்த் தெருவின் மற்ற வீடுகள் எங்களைக் கூப்பிடவில்லை.

ஏணிப்படி அடுக்கில் ஒவ்வொரு சாதிக்கும் கீழே ஒரு சாதி இருக்கும்படி வைத்திருப்பதுதான் இந்த அமைப்பின் பலம் என்று அம்பேத்கர் நமக்குக் காட்டினார். பனையேறியை மேலே இருந்தவர்கள் தள்ளினார்கள். பனையேறி நம்மை வேலிக்கு வெளியே நிறுத்தினார். இருவர்மீதும் வழக்குப் போடுவதற்கு அரசுக்கு ஒரே சட்டம் போதுமானதாக இருந்தது. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்காத மதுவிலக்குப் பேச்சும் கள் ஆதரவுப் பேச்சும் அரைகுறை.

எங்கள் நிலைப்பாடு இது. பனையேறிகள்மீது குற்ற வழக்குப் போடுவதை நிறுத்த வேண்டும். மரத்திலிருந்து விழுந்தால் குடும்பம் தெருவுக்கு வராதபடி காப்பீடு வேண்டும். கள்ளைப் பற்றிய முடிவில் டாஸ்மாக் கணக்குப் புத்தகத்தைவிட நம் பெண்களின் பேச்சுக்கு மதிப்பு வேண்டும். "பாரம்பரியத்தைக் காப்போம்" என்ற பெயரில் யாருடைய பிள்ளையையும் மரத்தில் கட்டிவைக்கக் கூடாது. அண்ணனின் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் ஏற மாட்டாள். அது இழப்பு என்று நினைப்பவர்கள் தங்கள் பிள்ளைகளை ஏறச் சொல்லட்டும்.

படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் பனை ஏறியவர்கள் யார், யார் எந்தப் பாத்திரத்தில் குடித்தார்கள், எங்கே நின்று குடித்தார்கள் என்று உங்கள் பாட்டிகளிடம் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.