உயர்சாதி நாயும் ஒஸ்ரின் காரும்

1905 சனவரியில லெனாட் வூல்ஃப் என்ட இருபத்திநாலு வயசு வெள்ளைக்காரப் பொடியன் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலைக்கு வந்தவர். பிறகு வேர்ஜீனியா வூல்ஃபைக் கலியாணம் கட்டினதும், இலங்கைக் காட்டுக் கிராமமொன்றை வைத்து நாவல் எழுதினதும் இவர்தான். அவர் இங்கிலாந்திலயிருந்து கொண்டுவந்த சாமான்களில் ரெண்டு எல்லாருக்கும் ஞாபகம் நிற்கும்: வோல்ட்டேரின் 90 தொகுதிகள், சார்ள்ஸ் என்ட ஒரு நாய். கம்பி மாதிரி மயிருள்ள ஃபொக்ஸ் ரெரியர். வூல்ஃப் வந்த கப்பல் கம்பனி நாய்களை ஏற்றாது. அதனால சார்ள்ஸ் வேறொரு கம்பனிக் கப்பலில தனியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்தது.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வாறதும் லேசில்லை. வடபகுதி ரயில் பாதை முழுசாகத் திறந்தது 1905 ஓகஸ்டில்தான். சனவரியில அனுராதபுரம் வரை ரயில், அங்கயிருந்து ஆனையிறவு வரை தபால் வண்டி, பிறகு திரும்ப ரயில். தபால் வண்டி எண்டா பெரிசாக ஒன்றும் இல்லை, மாட்டுவண்டி. தபால் மூட்டைகளுக்கு மேல பயணிகள் படுத்துக் கிடந்து வரவேணும். எங்கட பகுதிக்கு நாயோட நெடும்பயணம் செய்து வந்த ஆக்களில் பேரோட எழுத்தில பதிவான ஒருவர் வூல்ஃப். அவரே தன்ர சுயசரிதையில எழுதி வைத்ததால இது மிஞ்சியிருக்கு. அந்த நேரம் சண்டிலிப்பாயில் இருந்த நாய்களைப் பற்றி ஒருத்தரும் சுயசரிதை எழுதேல்லை. அதுகள் அரசாங்கப் பதிவுகளுக்குள்ள வாறது சட்டங்களுக்குள்ளால மட்டும்தான். 1893 ஆம் ஆண்டு விசர்நாய்க்கடிச் சட்டம், 1901 ஆம் ஆண்டு நாய்கள் பதிவுச் சட்டம். பதியாத நாயைப் பிடிக்கவும் கொல்லவும் இடம் குடுத்த சட்டங்கள். ஒரு நாய் கப்பலில வருது, இன்னொரு நாய் சட்டத்தில வருது.

சார்ள்ஸுக்கு ரெண்டு வருசம் முந்தி அமெரிக்காவில பட் என்டொரு நாய் காரில ஏறியிருந்தது. 1903 இல் ஹொரேஷியோ நெல்சன் ஜக்சன் என்ட வைத்தியர், ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயோர்க்குக்கு காரில வெளிக்கிட்டார். அந்த நாட்டைக் காரில குறுக்கறுத்த முதல் பயணம் அது. 63 நாள் எடுத்தது. இடைவழியில ஐடகோ மாநிலத்தில் 15 டொலருக்கு பட்டை வாங்கினார்கள். காருக்கு முன்கண்ணாடி இல்லை, புழுதி நாயின்ர கண்ணுக்குள்ள போச்சுது. அதால அதுக்கும் மனுசருக்குப் போடுற மாதிரியே கண்ணாடி போட்டுவிட்டார்கள். நாய் காரில போறது சந்தோசமான குடும்பக் காட்சி என்ட எண்ணத்துக்கு மூலப்படம் எண்டு ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் பட்டின்ர படத்தைத்தான் காட்டுவன்.

அதே 1903 இல்தான் இங்கிலாந்தின் கெனல் கழகம் லப்ரடோரைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. இனம், வம்சம், கலப்பில்லாத இரத்தம் எண்டு நாய்களைப் பட்டியல் போட்ட காலம் அது. அந்தப் பட்டியல் எங்களிட்ட வந்து சேர்ந்தபோது நாங்கள் அதுக்கு என்ன பேர் வைத்தோம்? ‘உயர்சாதி நாய்’. விளம்பரங்களில பாருங்கோ: உயர்சாதி நாய்க்குட்டிகள் விற்பனைக்கு. ஒரு குட்டியைக் கொண்டுபோற ஆளை மறிச்சு முதல் கேட்கிற கேள்வியும் “என்ன சாதி?” தான். மறுபக்கம், ஊர்நாய்க்கு ஆங்கிலேயர் வைத்த பேர் ‘பறையா நாய்’. எங்கட சமூகம் ஒதுக்கி வைத்த மனிசரின்ர சாதிப் பேரை எடுத்து, வீடில்லாத நாய்க்குச் சூட்டினார்கள். அந்தச் சொல் இண்டைக்கும் ஆங்கில அகராதியில இருக்கு. வெள்ளைக்காரன் சொன்னதுக்கு நாங்கள் கோவப்படலாம், ஆனால் அவனுக்கு அந்தச் சொல்லைக் குடுத்தது ஆர்? சாதியை மறந்துபோனோம் எண்டு சொல்லுற வீட்டிலயும் நாய் வாங்கேக்க அந்தச் சொல் வாயில வருது. (இதில வேடிக்கை, ஊர்நாய்க்கும் நாங்கள் வைக்கிற பேர் ஜிம்மி, ரைகர், ரொனி.)

இனி கார். யாழ்ப்பாணத்துக் காரெண்டால் ஒஸ்ரின். ஏ40, பிறகு கேம்பிரிட்ஜ், பக்கத்தில மொரிஸ் மைனர். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நிண்டபிறகு இந்தக் கிழட்டுக் கார்கள்தான் தாக்குப்பிடிச்சது. கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓட்டுவார்கள். பின்னால கறுப்புப் புகை. அந்தக் காரில ஏறினது நோயாளியள், பிள்ளைப்பேற்றுக்குப் போறவர்கள், கலியாண மாப்பிளை பொம்பிளை. நாய்க்கு இடமில்லை, ஒருத்தரும் அப்பிடி யோசிச்சதும் இல்லை.

1995 ஒக்ரோபர் 30. இராணுவம் வலிகாமத்துக்குள்ள முன்னேறி வர, புலிகள் ஒலிபெருக்கியில எல்லாரையும் வெளியேறச் சொல்லி அறிவிச்சார்கள். நாலு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் நாவற்குழிப் பக்கத்தாலயும் கோப்பாய்-கைதடிப் பாதையாலயும் தென்மராட்சிக்குப் போனது. மழை. சைக்கிள், மாட்டுவண்டி, லான்ட்மாஸ்டர், கூடுதலும் கால்நடை. இந்த இடப்பெயர்வைப் பற்றிக் கவிதை, கதை, அறிக்கை எல்லாம் இருக்கு. நாயைப் பற்றிக் கேட்கவேணுமெண்டால் எங்கட ஊர் அம்மம்மாக்களிட்டத்தான் கேட்கவேணும்.

என்ர அம்மம்மா சொல்லுறது இது. அவையின்ர நாய் சண்டிலிப்பாயிலயிருந்து மானிப்பாய் தாண்டும் மட்டும் சைக்கிளுக்குப் பின்னால வந்ததாம். ஒவ்வொரு சந்தியிலும் அந்தந்த இடத்து நாய்கள் இதைக் கலைச்சிருக்கு. நாய்க்குத் தன்ர எல்லை, மற்ற நாயின்ர எல்லை எண்டு இருக்கு. சனத்துக்கு நடந்துபோக ஒரு றோட்டு, நாய்க்கு அதில இருபது நாடு. ஆனைக்கோட்டைக்குக் கிட்ட அது நிண்டுட்டுது. கரியரில அரிசி மூட்டையும் சின்னம்மாவும். தூக்கி வைக்க இடமில்லை. 1996 ஏப்ரலுக்குப் பிறகு சனம் திரும்பி வரத் தொடங்கினது. அப்ப வளவுகளில நிண்ட நாய்கள் எலும்பும் தோலுமாக இருந்ததாம், சிலது சொந்தக்காரரையே கிட்ட விடேல்லையாம். அம்மம்மாவின்ர நாய் படலையில இருக்கேல்லை. அதுக்குப் பிறகு அவ நாய் வளர்க்கேல்லை. கேட்டால் “இன்னொருக்கா ஓடவேண்டி வந்தா?” எண்டுவா. முப்பது வருசமாகுது.

இப்ப எங்கட வீட்டில நாய் வாங்கிற கதை வந்திருக்கிறது இதுக்கு மேலதான். அப்பா பழைய கார் ஒன்று எடுத்திருக்கிறார், வவுனியாவில சித்தி வீட்டுக்கு மாசத்துக்கொருக்கா போறம். ஏ9 இல மூண்டு மணித்தியாலம். அம்மம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: “காரில எங்களோட ஏறுற நாயா இருக்கவேணும்.” தம்பிக்கு லப்ரடோர் வேணும். அப்பாவுக்கும் உள்ளுக்குள்ள அந்த ஆசைதான், உயர்சாதி எண்ட சொல்லின்ர ஆசையும் சேர்த்து.

நான் ஊர்க்குட்டிக்குத்தான் வாக்குப் போட்டனான். லப்ரடோரின்ர முன்னோர் நியூஃபவுண்லாந்தின்ர குளிர்க்கடலில மீன்காரரோட வேலை செய்த நாய்கள். ரெண்டு அடுக்கு மயிர், வளர்ந்தால் முப்பது கிலோ. ஏப்ரல் வெய்யிலில, ஏசி வேலை செய்யாத காரின்ர பின்சீற்றில அதை யோசிச்சுப் பாருங்கோ. பக் மாதிரி முகம் சப்பையான நாய்களின்ர பாடு இன்னும் மோசம். நாய் இளைச்சுத்தான் உடம்புச் சூட்டை இறக்கும், அதுக்கு மூச்சே ஒழுங்காக வராது. சோவியத் விஞ்ஞானிகள் 1957 இல் விண்வெளிக்கு அனுப்பத் தெரிவு செய்ததும் கெனல் கழக நாயை இல்லை. மொஸ்கோ தெருவில பிடிச்ச லைக்காவைத்தான், ஆறு கிலோவும் வராது. பசியும் குளிரும் தாங்கிப் பழகினது எண்ட கணக்கு. குறுகின கூட்டுக்குள்ள நாள் கணக்காக இருக்கப் பழக்கினார்கள். கடைசியில சூடுதான் அதைக் கொன்றது, ஏவப்பட்டுச் சில மணித்தியாலத்துக்குள்ளேயே. அந்த உண்மையை 2002 இல்தான் வெளியில சொன்னார்கள். தாங்கும் எண்டு தெரிவு செய்யிறதுக்கும் தாங்குமட்டும் விடுறதுக்கும் இடையில வித்தியாசம் இருக்கு. வெளியில முப்பது பாகை வெய்யில் எண்டால் பூட்டின காருக்குள்ள அரை மணித்தியாலத்தில நாற்பத்தைஞ்சு தாண்டும். கிளிநொச்சியில தேத்தண்ணி குடிக்க இறங்கினாலும் ஒராள் நாயோட நிக்கத்தான் வேணும்.

அடுத்தது வயசு. மூண்டு கிழமைக்கும் பதினாலு கிழமைக்கும் இடையில குட்டி எதைக் கண்டு பழகுதோ அதுக்குப் பிறகு பயப்படுறது குறைவு. அந்தக் காலத்துக்குள்ள நிப்பாட்டி வைச்ச காருக்குள்ள சோறு வைக்கவேணும், பிறகு எஞ்சினைப் போடவேணும், பிறகு சீரணி அம்மன் கோயிலடி மட்டும், பிறகு சங்கானை. சின்னக் குட்டியள் சத்தி எடுக்கும்; காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு முத்தாததாலதான், ஒரு வயசாகேக்க கூடுதலானதுகளுக்கு நிண்டுடும். வெளிக்கிட முதல் சாப்பாட்டைக் குறைக்கலாம்.

பக்கத்து ஒழுங்கையில ஒரு ஊர்நாய் போன கிழமை நாலு குட்டி போட்டிருக்கு. கண் இன்னும் திறக்கேல்லை. அம்மம்மா ரெண்டுதரம் போய்ப் பார்த்திட்டா. தம்பி இன்னும் போகேல்லை.