மிஸ்டர் பீன் காரும் வண்டலூர் ஹெரால்டும்

மிஸ்டர் பீன் பார்த்து வளர்ந்த எங்க மரக்காணம் பசங்களுக்கு பிரிட்டிஷ் கார்னா அந்தப் பச்சை மினிதான். கதவுல தொங்குற பூட்டு, பாவம் அடிக்கடி கவிழுற நீல மூணு சக்கர வண்டி, எல்லாமே சிரிப்பு. ஆனா அந்த மினியைச் செஞ்ச பிரிட்டிஷ் லேலண்ட், 1975-லேயே நொடிச்சு அரசாங்கக் கைக்குப் போன கம்பெனி.

அந்தக் குடும்பத்தோட ஒரு கிளை நம்ம வண்டலூர்ல இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார். 1961-லிருந்து ஹெரால்டு செஞ்சாங்க. பானெட்டு மொத்தமா முன்பக்கம் சாயும். மெக்கானிக் டயர் மேலயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். இங்கிலாந்துல ஹெரால்டு 1971-ல் நின்னுபோச்சு. அங்க அதுக்கு ரெண்டே கதவு. நாலு கதவு வச்சது நம்மாளுங்கதான்! எனக்கு அந்தக் கம்பெனி மேல மரியாதை வந்ததே அதனாலதான்.

1983-ல் மாருதி வந்துடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு இவங்க ஸ்டாண்டர்டு 2000-ஐ இறக்கினாங்க. வெளியில ரோவர் எஸ்டி1 உடம்பு. உள்ளே 1940-கள்ல பிறந்த எஞ்சின். அதே வம்சத்து எஞ்சின்தான் ஃபெர்குசன் டிராக்டர்லயும் ஓடுச்சு. பெட்ரோலை வேற குடிச்சுது. யார் வாங்குவாங்க? 1988-ல் உற்பத்தி நின்னது. வேலை போன தொழிலாளிங்களுக்கு இது நாஸ்டால்ஜியா இல்ல. அந்த நிலத்துல இப்போ என்னை மாதிரி ஆளுங்க லேப்டாப்போட உட்கார்ற ஐடி பூங்கா.

இன்னொரு கிளை எண்ணூர்ல பிழைச்சுக்கிச்சு. 1949-ல் ஆஸ்டின் கார் பூட்ட ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆச்சு. பிரிட்டன்ல புது லாரிங்க மேல லேலண்ட் பேரு போயிடுச்சு. இங்க உப்பு மூட்டை ஏத்துற லாரி முகப்புல இன்னும் இருக்கு.