சிதம்பரத்துக்கு வடக்கே ஒரு கோடு

கடலூர் சிப்காட் 1980களில் உருவானபோது, குடிகாடு, செம்மங்குப்பம் மக்களின் கருத்தை அறியவேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994இல்தான் வந்தது. பொதுமக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமானது 1997இல். அங்கு ஆலைகள் முந்திக்கொண்டன.

'கேள்' என்னும் வினைக்குத் தமிழில் செவிமடுத்தல், வினவுதல் என இருபொருள் உண்டு. 2006 அறிவிக்கை முதற்பொருளோடு நின்றுவிடுகிறது. 30 நாள் முன்னறிவிப்பு, ஒளிப்பதிவு, நிகழ்ச்சிக் குறிப்பை அவையிலேயே தமிழில் வாசித்தல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் குறைந்தது இத்தனை பேர் கூடவேண்டும் என்ற விதியில்லை. கூடியோர் எதிர்த்தால் திட்டம் நிற்கும் என்ற விதியுமில்லை. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். சுருக்கம் மட்டும் தமிழில்.

இந்தச் செவிமடுத்தலும் மிகையெனத் தோன்றியது போலும். 2020 ஜனவரி 16 அன்று, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று மத்திய அரசு திருத்தம் வெளியிட்டது. டெல்டாவில் எதிர்ப்பு மூண்டது. பிப்ரவரி 9 அன்று முதல்வர் பழனிசாமி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தை அறிவித்தார். 20ஆம் தேதி பேரவையில் சட்டம் நிறைவேறியது. (அடுத்த ஆண்டு தேர்தல் என்பதையும் நாம் நினைவில் கொள்ளலாம்.) கடலூர், நாகை மாவட்டங்களின் 45 கிராமங்களில் 2017இல் அறிவிக்கப்பட்டிருந்த பெட்ரோலிய ரசாயன முதலீட்டு மண்டலமும் அதே மாதம் கைவிடப்பட்டது. ஆக, மக்கள் வென்றது கருத்துக் கேட்புக் கூடத்தில் அன்று, தெருவிலும் பேரவையிலும்.

2023இல் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள நிலக்கரிப் படுகை ஏலப் பட்டியலில் வந்தபோது, முதல்வர் ஸ்டாலின் ஏப்ரல் 4 அன்று பிரதமருக்கு எழுதினார்; 8ஆம் தேதி அது நீக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் என்.எல்.சி. இயந்திரங்கள் இறங்கின. அந்த நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது. ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை 2020 சட்டம் தொடாது.

கடலூர் மாவட்டத்தில் அச்சட்டம் தழுவிய ஒன்றியங்கள் ஐந்து: பரங்கிப்பேட்டை, மேல்புவனகிரி, கீரப்பாளையம், குமராட்சி, காட்டுமன்னார்கோவில். அனைத்தும் சிதம்பரத்தைச் சூழ்ந்தவை. கோடு அதற்குச் சற்று வடக்கே நின்றுவிட்டது. சிப்காட் பகுதியில் வாழ்வோர்க்குப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 2,000 மடங்கு மிகுதி என்று நீரி ஆய்வு கூறியிருந்தும், குடிகாடு கோட்டுக்கு அப்பால்தான். 2025 மே மாதம் அங்கே ஆலையொன்றின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, கழிவு வீடுகளுக்குள் புகுந்தது.